ஒரு பனியனுக்குள் ஓர் ஊர்!

திருப்பூர் வளர்ந்தது எப்படி? வேலை தேடி அங்கே போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

உங்கள் வீட்டுக் கொடியில் காயும் பனியனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

"இதில் என்ன இருக்கிறது, ஒரு முழத் துணிதானே?" என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! அந்தப் பனியன் உங்கள் கைக்கு வருவதற்குள் பல பேருடைய கைகள் அதில் பட்டிருக்கின்றன.

பஞ்சைப் பறித்தவர் ஒருவர். அதை நூலாக நூற்றவர் இன்னொருவர். நூலைத் துணியாகப் பின்னியவர் ஒருவர். வெளுத்தவர் ஒருவர், சாயம் போட்டவர் ஒருவர். துணியை அளந்து வெட்டியவர் கட்டிங் மாஸ்டர். தோளைத் தைத்தவர் ஒரு டெய்லர்; கையைத் தைத்தவர் வேறு டெய்லர். பிசிறு நறுக்கியவர், ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தவர், இஸ்திரி போட்டவர், பெட்டியில் அடுக்கியவர் என்று வரிசை நீண்டுகொண்டே போகும்.

இத்தனை பேருக்கும் சோறு போடுகிறது அந்த ஒரு பனியன். இத்தனை பேரும் கூடி வாழும் ஊர்தான் திருப்பூர்.

இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்குப் போகும் பின்னலாடைகளில் பாதிக்கும் மேல் இந்த ஓர் ஊரிலிருந்து போகிறது. 2024-25-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குத் துணி கப்பல் ஏறியது. ஊருக்கு "டாலர் நகரம்" என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இந்தப் பணம் சும்மா வந்துவிடவில்லை. அதற்கு ஊர் கொடுத்த விலையும் பெரிது. இரண்டையும் பார்ப்போம்.

பருத்திச் சந்தை

கோவைக்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது திருப்பூர். மழை குறைவு. நெல் வயல் குறைவு. சுற்றிலும் பருத்தி விளையும் பூமி. ரெயில் பாதை ஊர் வழியாகவே போகிறது. ஆகவே பருத்திச் சந்தையும் பஞ்சு அரைவை ஆலைகளும் முதலில் வந்தன.

1925-ஆம் ஆண்டு வாக்கில் இங்கே பனியன் பின்னும் எந்திரம் வந்தது. தொடக்கத்தில் கையால் சுற்றும் எந்திரம்தான். பிறகு 1932-ல் நீலகிரி மலையில் பைக்காரா மின்சாரம் பிறந்தது. கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. நூல் பக்கத்திலேயே கிடைத்தது. மின்சாரமும் கிடைத்தது. பனியன் தொழில் நிலைத்துவிட்டது.

அதே 1932 ஜனவரியில்தான் கொடிகாத்த குமரன் இந்த ஊரின் வீதியில் அடிபட்டு உயிர் நீத்தார். நாட்டுக்கு ஒரு தியாகியைக் கொடுத்த ஊர், பின்னாளில் நாட்டுக்கே உடுப்பும் கொடுத்தது!

ரொம்பக் காலம் வரை இங்கே தயாரானது வெள்ளைப் பனியன் ஒன்றுதான். அதுவும் உள்நாட்டு விற்பனைக்கு மட்டுமே.

நான்கு மிஷின் இருந்தால் முதலாளி

திருப்பூர் தொழிலில் ஒரு புதுமை உண்டு.

ஒரு பனியன் தயாராகும் எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்பது இல்லை. பின்னுவது ஒரு பட்டறையில். சாயம் போடுவது வேறு பட்டறையில். தைப்பது இன்னொரு இடத்தில். காஜா எடுத்துப் பட்டன் வைக்கத் தனிக் கடை. அட்டைப் பெட்டி செய்யத் தனிக் கடை. துணி மூட்டை காலை முதல் இரவு வரை டெம்போவில் தெருத் தெருவாகப் போய்க்கொண்டே இருக்கும்.

இதனால் என்ன லாபம்?

பெரிய ஆலை கட்டக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். நான்கு தையல் மிஷின் போடச் சிறு முதல் போதும். கிராமத்தில் விவசாயம் பொய்த்து, பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த எத்தனையோ பேர் தொழிலைக் கற்றார்கள். நகையை வைத்தும் சீட்டுப் பிடித்தும் பணம் சேர்த்தார்கள். பங்காளியோடு கூட்டுச் சேர்ந்து சிறு பட்டறை போட்டார்கள். அவர்களில் சிலர் பெரிய முதலாளிகளாக உயர்ந்தார்கள்.

நேற்று மிஷின் மிதித்தவர் இன்று பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறார் என்பது இந்த ஊரில் அதிசயம் அல்ல. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிட்டியதா? இல்லை. நிலமோ, நகையோ, கைகொடுக்க உறவினரோ இருந்தவர்கள் ஏறினார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் பலர் கடைசி வரை தொழிலாளியாகவே இருந்தார்கள்.

127 நாள் போராட்டம்

1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 127 நாட்கள்!

அத்தனை நாள் கூலி இல்லாமல் குடும்பம் நடத்துவது என்றால் எவ்வளவு கஷ்டம் என்பதை எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் இயக்கத்தில் அந்தப் போராட்டம் இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் அதன் பிறகு வேறொரு மாறுதலும் வந்தது. ஒரே இடத்தில் நிறையத் தொழிலாளர்கள் இருப்பதைப் பல முதலாளிகள் விரும்பவில்லை. வேலையைப் பிரித்துச் சிறு பட்டறைகளுக்குக் கொடுத்தார்கள். காண்டிராக்ட் முறை வளர்ந்தது. "பீஸ் ரேட்" பரவியது. எத்தனை உருப்படி தைக்கிறாரோ அத்தனைக்குத்தான் கூலி. கை வேகமாக ஓடினால் நல்ல வருமானம். ஆர்டர் இல்லாத வாரம் வெறும் கை.

கப்பல் ஏறிய பனியன்

1978-ல் இத்தாலி நாட்டு வியாபாரி ஒருவர் பம்பாய் வழியாக வந்து திருப்பூர்ச் சரக்கை வாங்கினார். பிறகு ஐரோப்பாவின் பெரிய கடைக்காரர்கள் நேராகவே வந்தார்கள்.

வளர்ச்சியைப் பாருங்கள்: 1985-ல் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 1990-ல் சுமார் 300 கோடி! அந்த 1990-ல்தான் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் தோன்றியது.

அந்தக் காலத்தில் எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்பதற்கு "கோட்டா" என்ற அளவு இருந்தது. 2005 ஜனவரி 1-ந் தேதி அது ஒழிந்தது. திருப்பூருக்குக் கதவு திறந்தது. ஆனால் சீனாவுக்கும் வங்காளதேசத்துக்கும் அதே கதவு திறந்ததே! போட்டி கடுமையானது. 2008-ல் திருப்பூர் மாநகராட்சி ஆனது. 2009-ல் தனி மாவட்டமும் ஆனது.

இன்று இந்தத் தொழிலில் நேரடியாக ஆறு லட்சம் பேர் வேலை செய்கிறார்கள் என்பது தொழில்துறையினர் சொல்லும் கணக்கு. அதில் பெண்கள் பாதிக்கும் மேல். வயல் வேலையை விட்டால் வேறு வேலை இல்லை என்றிருந்த கொங்கு நாட்டுப் பெண்களுக்குச் சனிக்கிழமை தோறும் சொந்தக் கையில் சம்பளம் என்பது பெரிய மாறுதல் அல்லவா?

கறுத்த ஆறு

இப்போது விலையைப் பார்ப்போம்.

வெள்ளைப் பனியனுக்கு வெளுப்பு போதும். வெளிநாட்டார் கேட்டதோ சிவப்பு, நீலம், பச்சை. அதற்குச் சாயம் வேண்டும். பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க உப்பு சேர்க்க வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்பு எங்கே போகும்? தண்ணீரோடு போகும்.

700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. ஆற்றங்கரைக் கிணறுகள் உப்பாயின. பயிர் கருகியது. ஒரு பக்கம் வேலை; மறு பக்கம் விவசாயியின் கண்ணீர்.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே வரக்கூடாது என்று கோர்ட்டு சொன்னது. நிலைமை சீராகவில்லை. 2011 ஜனவரியில், எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

ஊரே திகைத்தது. சாயம் இல்லாமல் துணி ஏது? ஆர்டர்கள் வேறு ஊர்களுக்குப் போயின. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்து சொந்த ஊருக்குத் திரும்பினார்கள்.

பிறகு தமிழக அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டி இல்லாக் கடன் தந்தது. கழிவு நீரை வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைத் தனியே பிரித்து, தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை வந்தது. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. செலவு அதிகம். ஆனாலும் "நாங்கள் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறோம்" என்று சொல்லியே இன்று வெளிநாட்டில் ஆர்டர் பிடிக்கிறார்கள். முன்பே செய்திருந்தால் எத்தனை வயல்கள் பிழைத்திருக்கும்!

வடக்கிலிருந்து வந்தவர்கள்

திருப்பூர் ரெயில் நிலையத்தில் சற்று நேரம் நின்றால் இந்தி, ஒரியா, வங்காளி எல்லாம் காதில் விழும். முன்பு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். அந்த இடத்துக்குப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளத் தொழிலாளர்கள் வந்தார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. மிஷின்கள் நின்றன. மே மாதம் சிறப்பு ரெயில்கள் விட்டபோது கூட்டம் கூட்டமாக ஊருக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் அவர்களுடைய அருமை தெரிந்தது. ஆள் இல்லாமல் கம்பெனிகள் திண்டாடின.

2023 மார்ச்சில், வட மாநிலத்தவர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் செல்போனில் பரவின. பயந்து பலர் மூட்டை கட்டினார்கள். அதிகாரிகளும் போலீசாரும் நேரில் போய், "பயப்படாதீர்கள்" என்று தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பொய் ஒரு தொழிலையே ஆட்டிவிடும் என்பதற்கு இது சாட்சி.

ஒரே கடையை நம்பலாமா?

2022-ல் பஞ்சு விலை ஏறியது. 356 கிலோ கொண்ட ஒரு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. சிறு பட்டறைகள் தத்தளித்தன.

2025 ஆகஸ்டில் அடுத்த இடி. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூர்ச் சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்டர்கள் நின்றன, சில கம்பெனிகளில் ஷிப்ட் குறைந்தது. எங்கோ வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்து, இங்கே ஒரு டெய்லரின் சனிக்கிழமைச் சம்பளத்தைத் தொட்டது!

அதே 2025 ஜூலையில் இங்கிலாந்தோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு கதவு சாத்தினால் வேறு கதவைத் தட்ட வேண்டும். ஒரே நாட்டை நம்பக்கூடாது. பருத்தியை மட்டுமே நம்பாமல் செயற்கை இழைத் துணிகளையும் செய்ய வேண்டும். இந்தப் பாடத்தைத் திருப்பூர் கற்றுக்கொண்டு வருகிறது.

வேலைக்குப் போகிறீர்களா?

திருப்பூருக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களே, புதிதாக வேலைக்குப் போகிறவர்களே, இதைக் கவனியுங்கள்:

• மாதச் சம்பளமா, ஷிப்ட் கூலியா, பீஸ் ரேட்டா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கூடுதல் நேர வேலைக்கு என்ன கூலி என்பதையும் கேளுங்கள்.

• இ.எஸ்.ஐ., பி.எப். உண்டா என்று விசாரியுங்கள். 2019 ஜூலையில் வந்த மாறுதலின்படி இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி கொடுப்பது 100 ரூபாய்க்கு 75 காசுதான். முதலாளி கொடுப்பது 3 ரூபாய் 25 காசு. நோய் வந்தால் அந்த 75 காசின் அருமை தெரியும்.

• சம்பளச் சீட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

• "மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம்" என்று ஆசை காட்டி, நூற்பாலைகளுக்குப் பெண்களைச் சேர்த்த "சுமங்கலித் திட்டம்" பல குடும்பங்களை ஏமாற்றியது. சம்பளம் மாதா மாதம் கைக்கு வர வேண்டும்.

• 14 வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு அனுப்புவது குற்றம். கண்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பெண்களுக்குத் தொல்லை என்றால் 181.

கொடியில் காயும் பனியன்

ஓர் ஊர் நூறு ஆண்டுகளில் எவ்வளவு உயரலாம் என்பதற்குத் திருப்பூர் உதாரணம். ஆற்றை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே உதாரணம். ஆறும் பிழைக்க வேண்டும். தொழிலும் பிழைக்க வேண்டும். மிஷின் மிதிப்பவரும் பிழைக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் நிற்காது.

அடுத்த முறை பனியன் வாங்கும்போது விலையைப் பார்ப்பீர்கள். பேரம் பேசுவீர்கள். அதில் தப்பு இல்லை. கூடவே அதன் தையலையும் ஒரு தரம் தடவிப் பாருங்கள். அந்த ஒவ்வொரு தையலுக்குப் பின்னாலும், சனிக்கிழமையை எதிர்பார்த்து ஒரு வீடு காத்திருக்கிறது!