மானிப்பாயில் ஒரு தமிழ் வைத்தியக் கல்வி

தொழிலைத் தொழிலிடத்திலேயே பயிற்றுவது புதுமையென்று இன்று பலர் பேசக் கேட்கின்றோம். மானிப்பாய்க்கு அது பழங்கதை.

1847இல் அமெரிக்காவினின்றும் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டில் மானிப்பாயில் வைத்தியப் பணியோடு போதனையையும் தொடங்கினார். மாணாக்கர் நோயாளியின் பக்கத்தில் நின்றே புண் கட்டவும் மருந்து கூட்டவும் பழகினர்.

முதலிற் கற்பித்தது ஆங்கிலத்தில். ஆங்கிலம் கற்றவரோ உத்தியோகம் நாடிப் பட்டினம் போயினர். கிராமத்து நோயாளிக்கு வைத்தியரில்லை. (இக்கதை நமக்குப் புதிதன்று!) ஆதலின் 1864 முதல் தமிழிலே கற்பிக்கலானார்.

தமிழில் நூல்கள் வேண்டுமே? மாணாக்கர் துணைகொண்டு தாமே மொழிபெயர்த்தார். அவற்றுள் ஒன்றாகிய அறுவை மருத்துவ நூலுக்கு 'இரணவைத்தியம்' என்று பெயர். இரணமென்றாற் புண்; நம் பாட்டிமாரும் அறிந்த சொல்.

1873இல் அவர் தாயகம் திரும்புமுன் பயின்ற வைத்தியர் 60க்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்கள்.