எட்டு நிரைக்கு ஒரே கட்டளை

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பார்க் 1996இல் திறக்கப்பட்டது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் இன்று இன்டெல் ஆலை வேஃபர்களைச் சோதித்து, தனித்தனிச் சில்லுகளாக அறுக்கிறது. சில்லின் வேகத்தை விளம்பரம் பெருமையாகச் சொல்லும். நிரல் எழுதும் மொழி ஒத்துழைக்காவிட்டால் அந்த வேகத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கும் என்பதை அது சொல்லாது. கணினி வரைகலையில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியும்.

4கே திரையில் ஒரு படத்துக்குச் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் எந்தப் பரப்பில் எவ்வளவு ஒளி படுகிறது என்று கணக்குப் போட்டாக வேண்டும். கணக்கு ஒன்றேதான், எண்கள்தாம் வேறு. இதற்கென்றே ஏவிஎக்ஸ் என்ற வசதி 2011 முதல் இன்டெல் சில்லுகளில் இருக்கிறது. ஒரே கட்டளையில் 8 தசம எண்களைப் பெருக்கிவிடும். ரப்பர் தோட்டத்தில் கங்காணி ஒரு குரல் கொடுக்க, எட்டு நிரையிலும் ஒரே சமயத்தில் கத்தி இறங்குகிற மாதிரி.

ஆனால் சி++ நிரல் ஒன்றன்பின் ஒன்றாகவே வேலை சொல்லும். அதை எட்டெட்டாகச் சேர்க்க, நிரலைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் தானே முயலும். ஒரு சுற்றின் விடை அடுத்த சுற்றின் எண்ணை மாற்றாது என்று உறுதியானால்தான் அதற்குத் துணிச்சல் வரும். இரண்டு பாயின்டர்கள் ஒரே நினைவக இடத்தைக் காட்டுமோ என்ற ஐயம் வந்தால், பல நேரங்களில் சத்தமில்லாமல் பழைய வழிக்கே போய்விடும். எழுதியவருக்கு ஓர் எச்சரிக்கைகூட வராது.

இன்டெல்லில் இருந்த மேட் ஃபார் இதற்காக ஒரு மொழியையே எழுதினார். 2011இல் இலவசமாக வெளியான அதன் பெயர் ஐஎஸ்பிசி. பார்வைக்கு சி மொழிதான், கூடுதலாகச் சில சொற்கள். சூரியன் இருக்கும் திசை எல்லாப் புள்ளிக்கும் பொது, அதை 'யூனிஃபார்ம்' என்று அறிவிக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி மாறும் நிறம் 'வேரியிங்'. எது பொது, எது தனி என்பதை எழுதுபவரே சொல்லிவிடுவதால் கம்பைலர் ஊகிக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான். 'யூனிஃபார்ம்' போட மறந்தால், ஒரே எண்ணை எட்டு முறை சுமந்து திரிய வேண்டிவரும்.

நிபந்தனை சொல்லும் 'இஃப்' வரும் இடம் இன்னும் நுட்பமானது. எட்டுப் புள்ளிகளில் மூன்று மட்டும் நிழலில் இருந்தால் நிழல் கணக்கு எட்டுக்குமே ஓடும். ஒரு முகமூடி, அதாவது எட்டு ஆம்-இல்லைக் குறிகள், மற்ற ஐந்தின் விடைகள் பதிவாகாமல் தடுக்கும். கிளைகள் பெருகப் பெருக வேகம் குறையும். எந்த மொழியாலும் இதை முழுதாகத் தவிர்க்க முடியாது.

அனிமேஷன் படக் காட்சிகளை வரையும் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தின் மூன்ரே மென்பொருள் ஐஎஸ்பிசி மொழியைப் பயன்படுத்துகிறது. 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படவரிசையின் மூன்றாம் பாகம் (2019) அதில்தான் உருவானது. 2023இல் மூன்ரேயின் மூலநிரலும் பொதுவில் திறந்துவிடப்பட்டது. ஐஎஸ்பிசியின் கம்பைலரோ வீட்டு மடிக்கணினியிலேயே ஓடும். ஒரு கட்டளைக்கு எத்தனை எண்கள் என்பதில் பழைய சில்லுக்கு 4, ஏவிஎக்ஸுக்கு 8, அதன் பிந்தைய வடிவமான ஏவிஎக்ஸ்-512க்கு 16 என்று இலக்கை மட்டும் மாற்றினால் போதும், நிரலில் ஒரு வரியும் மாறாது.