பணம் கட்டியாச்சு, பதிவு போகலையே!

மதுக்கரை சிமென்ட் ஆலைக்கு லோடு அடிக்கும் லாரிக்காரர் ஒருவர் புரோநோட்டில் 2 லட்சம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நின்றதும் கடன் கொடுத்தவர் கோர்ட்டில் தீர்ப்பாணை வாங்கினார். நிறைவேற்று மனு போட்டு வீட்டுமனையையும் ஜப்தி செய்தார். பிறகு நாலு பேர் உட்கார்ந்து பேசி, பணம் கைமாறி, 'முழுதும் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு ரசீதும் எழுதியாயிற்று. கோர்ட் கணக்கிலோ அவர் இன்னும் கடனாளிதான்.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 21-ஆம் ஆணை, 2-ஆம் விதி இதைச் சொல்கிறது. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தை கோர்ட்டில் பதிவு செய்தாக வேண்டும். பதியாத பணத்தை, தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. பணம் வாங்கியவரே வந்து 'தீர்ந்தது' என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அவர் நழுவினால் கடனாளி மனு போடலாம். ஆனால் காலவரையறைச் சட்டம் அதற்குத் தருவது 30 நாள்தான். அதே சட்டம் கடன் கொடுத்தவருக்கு நிறைவேற்று மனு போடப் 12 ஆண்டு கொடுக்கிறது. இந்தத் தராசு எனக்கு உறுத்துகிறது. பணத்தை நேராக கோர்ட்டில் கட்டிவிடுவதே வம்பில்லாத வழி.

அடுத்தது ஜப்தி. கடன் தீர்ந்ததைக் கோர்ட் ஏற்றால் ஜப்தி விலகும். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏறிய பதிவு தானாகக் கரையாது. ஜப்தி நீங்கிய உத்தரவு அங்கே போய்ச் சேர்ந்து பதிவாக வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட வேண்டும். மனையை விற்கப்போகும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

கடன் வரலாற்றைத் தொகுக்கும் சிபில் வேறு கதை. தனியார் புரோநோட்டு வழக்கு அங்கே ஏறாது; வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரம்தான் ஏறும். வங்கி போட்ட வழக்கானால் அங்கேயும் 'வழக்குத் தொடரப்பட்டது' என்ற குறிப்பு நிற்கும். தள்ளுபடி வாங்கி முடித்தால் 'செட்டில்டு', முழுதும் கட்டினால் 'குளோஸ்டு'. அடுத்த கடன் கேட்கையில் முதல் சொல் முகத்தைச் சுளிக்க வைக்கும். பிழையிருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் திருத்த வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி.

இங்கிலாந்தில் இத்தகைய தீர்ப்புகளுக்கென்றே பொதுப் பதிவேடு உண்டு. ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டினால் பெயரை நீக்கலாம். இல்லாவிட்டால் 6 ஆண்டு அதில் கிடக்கும். நம்மூரில் அப்படி ஒரே ஏடு கிடையாது. லாரிக்காரர் கோர்ட்டுக்கும் சார்பதிவாளரிடமும் தனித்தனியே நடக்க வேண்டியதுதான்.