விதி எதுவரை?

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் விதி, மனிதர்கள் எடுக்கும் முடிவுகளின் வழியாகவே நடந்தேறுகிறது. சோஃபக்ளீஸ் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘ஈடிபஸ் மன்னன்’ இதற்கு நல்ல சான்று. பிறக்கும் மகன் தந்தையைக் கொல்வான் என்று குறி சொல்லப்பட்டதால், தீப்ஸ் நகர அரசன் லாயஸ், பச்சைக் குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டி மலையில் போட்டுவிடச் சொல்கிறான். மனம் இரங்கிய இடையன் அதை வேறொருவனிடம் கொடுத்துவிட, குழந்தை கொரிந்து அரண்மனையில் வளர்கிறது. வாலிபனான ஈடிபஸ், தான் தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற குறியைக் கேட்டு, வளர்த்தவர்களையே பெற்றோர் என நம்பி, அவர்களுக்குக் கேடு வரக்கூடாதென்று ஊரைவிட்டு ஓடுகிறான். வழியில் ஒரு முச்சந்தித் தகராறில் அவன் கையால் மடிந்தவர்தான் பெற்ற தந்தை. தந்தையின் அச்சம், இடையனின் இரக்கம், மகனின் நல்லெண்ணம் மூன்றும் சேர்ந்தே குறியைப் பலிக்க வைக்கின்றன.

கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையிலும் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது. பிள்ளையில்லாத தாமரை தவமிருந்து பெற்ற பொன்னருக்கும் சங்கருக்கும் ஆயுள் 16 வயதுதான். மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கேயம் வட்டாரத்தில் பதிவு செய்த வடிவத்தில், திருமாலான மாயவர் எய்த அம்பு பட்டதும் தன் காலம் வந்துவிட்டதைச் சங்கர் உணர்கிறான். தன் வாள்மீது தானே விழுந்து உயிர்விடுகிறான். ஈடிபஸ் அறியாமல் சிக்கிய விதியை இவன் அறிந்து ஏற்கிறான். ஆனால் கதை சாவோடு நின்றுவிடுவதில்லை. தங்கை தங்காள் அண்ணன்களைத் தேடி வந்து சிறிது நேரமாவது எழுப்புகிறாள். படுகளத் திருவிழாவில் அருள் வந்து பிணம்போல் விழுந்து கிடப்பவர்களைத் தண்ணீர் தெளித்து எழுப்புவது இதை ஒட்டிய சடங்கு.

நடப்பு வாழ்க்கையில் ‘தலையெழுத்து’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, தெய்வம் விதித்ததல்ல, வழக்கம் விதித்தது. சேலம் மாவட்டத்துப் பெண்சிசுக் கொலை இதைக் காட்டும். பெண் பிறந்தால் நகை, சீர், வரதட்சணை என்று கடன் வரும் என்ற கணக்கே அங்கே குறியாக இருந்தது. லாயஸைப் போலவே பெற்றோர், இன்னும் வராத கேட்டுக்கு அஞ்சிப் பிறந்த குழந்தையை இழந்தார்கள்.

1992-ல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. வளர்க்க விரும்பாத சிசுவை மருத்துவமனைத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். பெயர், ஊர் சொல்ல வேண்டியதில்லை. அக்குழந்தைகள் பிறகு தத்துக் கொடுக்கப்பட்டனர். கைவிடுவதை இது சட்டபூர்வமாக்குகிறது என்ற கண்டனமும் எழுந்தது. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 2001-ல் 851 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011-ல் அந்த எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது.

நாடகத்தில் குறி மாறாது. பார்வையாளர் முடிவை அறிந்தேதான் வந்து உட்காருகிறார். ஊர் வழக்கம் தந்த குறியோ, சட்டமும் மாற்று வழியும் வந்தபோது இளகியது. வரதட்சணை நீடிக்கும்வரை அது முழுதாக அழியாது.