ஹீட்டருக்கு எவ்வளவு மின்சாரம்?

பிளாஸ்டிக் மோல்டிங் இயந்திரத்தின் பேரலைச் சுற்றிப் பட்டை ஹீட்டர்கள் இறுக்கப்பட்டிருக்கும். பாலிபுரோப்பிலீனுக்கு அங்கே பொதுவாக 200 முதல் 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூடு குறைந்தால் அச்சு முழுதாக நிரம்பாது. மிஞ்சினால் பிளாஸ்டிக் கருகும். அந்த வரம்புக்குள் சூட்டைப் பிடித்து வைப்பது, பேனலில் இரண்டு வரி எண்களுடன் ஒளிரும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர். மேல் எண் இப்போதுள்ள வெப்பநிலை. கீழ் எண் செட் செய்த வெப்பநிலை.

பேரலில் செருகிய தெர்மோகப்புள் என்ற வெப்ப சென்சார்தான் கன்ட்ரோலருக்குத் தகவல் தருகிறது. ‘கே’ வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அவ்வளவு சிறிய மின்னழுத்தத்தைக் கொண்டே கணக்கெல்லாம் நடக்கிறது.

இஸ்திரிப் பெட்டியில் இருப்பதுபோல், குறைந்தால் போட்டு, கூடினால் அணைக்கும் தெர்மோஸ்டாட் இங்கே போதாது. ஹீட்டரை அணைத்த பிறகும் கனத்த எஃகுக்குள் சூடு ஏறிக்கொண்டேயிருக்கும். ஆகவே செட் அளவை நெருங்கும்போதே சக்தியைக் குறைத்தாக வேண்டும்.

அதற்காக மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. மின்சாரம் பாயும் நேரத்தைக் குறைக்கிறார்கள். 2 விநாடி ஒரு சுற்று என்றால், 30 சதவீதச் சக்திக்கு 0.6 விநாடி ஓட்டம், 1.4 விநாடி ஓய்வு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 0.6 விநாடி என்பது 30 முழு அலைகள். இப்படி விட்டுவிட்டு வரும் சூட்டைப் பேரலின் கனமே சமன்படுத்திவிடும். இணைத்துத் துண்டிக்கும் வேலை, அசையும் பாகமே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயுடையது. அதற்குப் பதில் அசையும் முனைகள் கொண்ட காண்டாக்டர் வைத்தால் சுற்றை 20 விநாடி அளவுக்கு நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதன் முனைகள் சீக்கிரமே தீய்ந்துபோகும்.

எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வது பிஐடி எனப்படும் மூன்று உறுப்புக் கணக்கு. செட் அளவுக்கும் நடப்பு அளவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்பச் சக்தி கொடுப்பது முதல் உறுப்பு. அது மட்டும் இருந்தால் வெப்பநிலை சற்றுக் கீழேயே நின்றுவிடும். வித்தியாசம் மறைந்தால் சக்தியும் மறையும், வெளியே கசியும் வெப்பமோ நிற்காது. அந்தக் குறையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வந்து ஈடுகட்டுவது இரண்டாவது. ஏறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே அடக்குவது மூன்றாவது. இவற்றின் அளவுகளை நிர்ணயிக்க ஸீக்ளர், நிக்கல்ஸ் என்ற பொறியாளர்கள் இருவரும் 1942இல் தந்த விதிகள் இன்றும் பாடநூல்களில் உண்டு. தொழிற்கூடத்தில் பெரும்பாலும், கன்ட்ரோலரே அவற்றைக் கண்டறியும் ‘ஆட்டோ டியூன்’ போதும்.

தெர்மோகப்புள் அறுந்தால் நல்ல கன்ட்ரோலர் ஹீட்டரை அணைத்துவிடும். அது நழுவி வெளியே தொங்கினால்தான் ஆபத்து: சூடே ஏறவில்லை என்று நம்பி கன்ட்ரோலர் முழுச் சக்தியையும் தள்ளிக்கொண்டிருக்கும். சாலிட் ஸ்டேட் ரிலேயும் பழுதானால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும். அப்போது கன்ட்ரோலர் அணைக்கச் சொல்லியும் பயனில்லை. எனவே தனி சென்சாரும் தனி காண்டாக்டரும் கொண்ட அதிவெப்பத் துண்டிப்பு கட்டாயம் வேண்டும்.