பிசிக்குள் பிழைத்திருக்கும் அமீகா

1985-இல் கமடோர் நிறுவனம் வெளியிட்ட அமீகா கணினியின் இயங்குதளத்தை இன்று வீட்டு பிசியிலேயே ஓட்டலாம். வின்யுஏஇ என்ற எமுலேட்டர், அமீகாவின் மோட்டோரோலா 68000 சிப்புக்கு எழுதப்பட்ட கட்டளைகளை நம் பிசிக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. பழைய கணினிக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று சிலர் கேட்கலாம். ஓவியர் ஆண்டி வார்ஹால் அமீகாவில் வரைந்த படங்கள் ஃப்ளாப்பிகளிலேயே முடங்கிக் கிடந்தன. 2014-இல்தான் அவை மீட்கப்பட்ட செய்தி வெளியானது. அந்தக் கோப்புகளின் வடிவம் இன்றைய மென்பொருள்களுக்குப் பிடிபடவில்லை. ஆக, கோப்பைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அதைத் திறக்கும் சூழலும் பிழைத்திருக்க வேண்டும்.

பழைய இயங்குதளத்தை இப்படி எமுலேட்டரில் ஓட்டுவது திருட்டு ஆகாதா என்பது நியாயமான கேள்வி. எமுலேட்டரை எழுதுவது திருட்டல்ல. அமீகாவைத் துவக்கும் கிக்ஸ்டார்ட் மென்பொருளுக்குத்தான் பதிப்புரிமை உண்டு, அதையும் உரிமத்தோடு விலைக்கு வாங்கலாம். வன்பொருள் தேய்ந்து அழியும்; எமுலேட்டரையோ பிரதி எடுத்துக்கொண்டே போகலாம். எமுலேட்டர்களைப் பாதுகாப்பதை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தம் கடமையாகவே ஏற்க வேண்டும்.