வாசலுக்கு அந்தப் பக்கம் – 9: மடத்தைவிட்டு வந்த புதுப்பட்டிப் பெண்

சென்ற வாரம் சால்ட் லேக் சிட்டியில் லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சனோடு நிறுத்தியிருந்தோம். மார்மன் சபை 1993 செப்டம்பரில் ஆறு பேர்மேல் நடவடிக்கை எடுத்ததே, அந்த ஆறில் ஒருவர். எழுதுகிறவர்களையும் ஆராய்ச்சி செய்கிறவர்களையும் சபைத் தலைமை எப்படியெல்லாம் நெருக்கியது என்று வருஷவாரியாகத் தொகுத்துக் கட்டுரை போட்டதுதான் அந்த அம்மா செய்த குற்றம். சபையைவிட்டு நீக்கினார்கள். நீக்கிய பிறகும் ஞாயிறு தவறாமல் அதே சபைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அப்பமும் தண்ணீரும் சுற்றி வரும்போது எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி இல்லை. 2019-ல் திரும்பச் சேர்த்துக்கொள்ள உள்ளூரில் சம்மதித்தார்கள், மேலிடம் மறுத்துவிட்டது. 2023-ல் உறுப்பினர் ஆகாமலே இறந்துபோனார்.

இதைப் படித்துவிட்டு தேவதானத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். “அமெரிக்காக்காரி கதையெல்லாம் சரி. எங்க பக்கம் இல்லாத கதையா? பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல போயிரலாமே” என்று கேட்டிருந்தார். கேட்டது நியாயம். தேவதானத்தில் பஸ் ஏறி, மலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே வந்தால் சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். அதைத் தாண்டி கிருஷ்ணன்கோவிலில் பிரிந்தால் வத்திராயிருப்பு. அந்தப் பக்கத்துப் புதுப்பட்டிதான் வாசகி சொன்ன ஊர். அங்கே பிறந்தவர் எழுத்தாளர் பாமா.

வழியில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரைச் சும்மா கடந்துபோக முடியாது. சாமியைத் தவிர வேறு மாப்பிள்ளை வேண்டாம் என்று நின்ற ஒரு பெண்ணுக்கு ஆடிப்பூரத்தில் தேர் இழுக்கிற ஊர் அது. பன்னிரண்டு ஆழ்வாரில் ஒரே பெண். அவள் சூடிக் களைந்த மாலைக்குக் காத்திருக்கிறார் பெருமாள். ஆனால் அவள் கருவறைக்குள் நின்று பூசை செய்வது ஆண்கள்தான். ஸ்ரீரங்கத்துப் பயிற்சிப் பள்ளியில் முதன்முதலாக மூன்று பெண்கள் அர்ச்சகர் படிப்பை முடித்ததே 2023-ல்தான். பெண்ணைச் சாமியாக வைப்பது எல்லா மதத்துக்கும் சுலபம். சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதில்தான் சிக்கல்.

பாமா 1958-ல் பிறந்தார். இயற்பெயர் ஃபாஸ்டினா. தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த தலித் குடும்பம். அப்பா பட்டாளத்தில் இருந்தவர். அண்ணன், பின்னாளில் பெரிய விமர்சகராக அறியப்பட்ட ராஜ் கௌதமன். அந்தத் தெருவை ஆண்பிள்ளையின் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அண்ணனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ இருக்கிறது. நமக்கு இங்கே வேண்டியது தங்கை எழுதிய ‘கருக்கு’.

அந்தப் புத்தகத்தில் ஊரின் அமைப்பைச் சொல்கிற இடம் இருக்கிறது. தபாலாபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ், பெரிய கடைகள், பள்ளிக்கூடம், இத்தனையோடு மாதாகோயிலும் மேல்சாதித் தெருக்களில்தான். ஒரு பிள்ளை ஞானோபதேசம் படிக்கப் போக வேண்டுமென்றால் தன் தெருவைவிட்டு வேறொரு தெருவுக்குள் நடக்க வேண்டும். கடவுள் எல்லோருக்கும் தகப்பன் என்ற பாடத்தைக் கேட்கவே அப்படி நடந்து போக வேண்டும். சந்தேகம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் இந்த நடையைத்தான் சொல்வேன். மேற்கத்திய நாட்டுப் பெண்கள் எழுதிய விசுவாச வரலாறுகளில் சந்தேகம் பெரும்பாலும் ஒரு நூலகத்தில் தொடங்கும். சபை மறைத்துவைத்த பழைய ஆவணம் ஒன்று கண்ணில் படும். மார்மன் பெண்கள் பலருக்கு, ஆதியில் தங்கள் பாட்டிகள் நோயாளிகள் தலையில் கை வைத்து ஜெபித்திருக்கிறார்கள், தங்கள் சங்கத்தைத் தாங்களே நடத்தியிருக்கிறார்கள் என்ற செய்தி அப்படித்தான் கிடைத்தது. புதுப்பட்டியில் ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. தெருவே போதும்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நடந்ததாக அவர் எழுதியிருக்கிற வடைப் பொட்டலச் சம்பவம் பலருக்கும் தெரிந்திருக்கும். தன் தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல், கட்டியிருந்த சணலை மட்டும் விரலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். சின்னப் பிள்ளைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். ஏன் அப்படித் தூக்கிப்போனார் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. பாடப்புத்தகங்கள் வரைக்கும் போய்விட்ட சம்பவம் இது. அதனாலேயே ‘கருக்கு’ என்றால் வடைப் பொட்டலம் என்று ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கும் மேலாக அதைத் தலித் தன்வரலாறு என்று மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பூசை, பாவசங்கீர்த்தனம், புது நன்மை, மடம், மதர், வார்த்தைப்பாடு என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒரு விசுவாசி தன் திருச்சபைமேல் தொடுத்த வழக்கு அது.

அவர் மடத்தில் சேர்ந்த விதம் கவனிக்க வேண்டியது. படித்து முடித்து ஆசிரியை வேலையில் இருந்தவர். கையில் சம்பளம் வந்துகொண்டிருந்தது. கன்னியர் நடத்திய பள்ளியில் தன் தெருப் பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். நம்மில் யாராக இருந்தாலும் இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று ஒதுங்கியிருப்போம். அவர் நேர்மாறாக முடிவெடுத்தார். ஒரு கன்னியர் சபையைத் தொடங்கிய பெண்மணி ஏழைகளுக்காக வாழ்ந்த கதையைப் படித்துவிட்டு, அந்த அம்மா போல நாமும் உள்ளே போய் நம் பிள்ளைகளுக்குச் செய்யலாம் என்று வேலையை விட்டார். வீட்டில் எதிர்ப்பு. கேட்கவில்லை. வயது அப்போது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும்.

உள்ளே போனால் வேறு உலகம். பயிற்சிக் காலத்திலேயே, சில சபைகளில் அரிசனப் பெண்களைச் சேர்ப்பதில்லை, அவர்களுக்கென்று தனியாக ஒரு சபை எங்கோ இருக்கிறது என்று பேச்சு காதில் விழுகிறது. அவர் அனுப்பப்பட்ட மடத்தோடு சேர்ந்த பள்ளிக்கூடம் பணக்காரப் பிள்ளைகளுக்கானது. கூட்டுவதும் கழுவுவதும் கக்கூஸ் சுத்தம் செய்வதும் அவருடைய சனம். மூன்று வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். இதில் ஏழ்மை வார்த்தைப்பாட்டை எடுத்துக்கொண்டவர்கள் சாப்பிடுகிற சாப்பாடு, தன் தெருவில் யாரும் கல்யாணத்துக்குக்கூடச் சாப்பிடாத சாப்பாடாக இருக்கிறது. ஏழ்மை என்றால் என்னவென்று பிறந்ததிலிருந்து தெரிந்தவருக்கு அங்கே ஏழ்மையைப் பற்றித் தியானம் நடத்துகிறார்கள்! மீதி இரண்டில் கீழ்ப்படிதல்தான் தினசரி வேலை வாங்கியது. கேள்வி கேட்டால் தாழ்ச்சி இல்லை என்பார்கள்.

ஏழு வருஷம் இருந்தார். 1992-ல் வெளியே வந்துவிட்டார்.

மார்மன் சபையில் நடப்பதற்கும் இங்கே நடந்ததற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இந்த இடத்தில் தெரிகிறது. 1979-ல் சோனியா ஜான்சனை, பெண்களுக்குச் சம உரிமை கேட்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்துச் சபையை எதிர்த்துப் பேசியதற்காக மார்மன் சபை நீக்கியது. 2014-ல் பெண்களுக்கும் குருத்துவம் வேண்டும் என்று இயக்கம் நடத்திய கேட் கெல்லியை நீக்கியது. இரண்டுக்கும் விசாரணை உண்டு, தீர்ப்பு உண்டு. செய்தித்தாளில் வந்தது, உலகத்துக்கே தெரிந்தது. நம் ஊரில் ஒரு சிஸ்டர் மடத்தைவிட்டு வந்தால் கடிதமும் கிடையாது, விசாரணையும் கிடையாது. கதவு திறக்கும், வெளியே விடுவார்கள். வந்தவளுக்கு வேலை இல்லை, சேமிப்பு இல்லை, வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ‘ஓடி வந்த சிஸ்டர்’ என்று ஊர் பேசும். துணிமணி எடுப்பதிலிருந்து பஸ்ஸில் தனியாகப் போவதுவரை மறந்துபோனதையெல்லாம் மறுபடி பழக வேண்டும். தலித் பெண்ணாகவும் இருந்துவிட்டால் வாடகைக்கு வீடு தேடும்போது சாதியையும் கேட்பார்கள். மேல்சாதி சிஸ்டர் வெளியே வந்தால் விழுந்தாலும் வீட்டுத் திண்ணையில் விழுவாள். பாமாவுக்கு அதுவும் இல்லை. ‘கருக்கு’ இந்தத் திக்குத்தெரியாத மாதங்களில் எழுதப்பட்டது.

எழுதச் சொல்லித் தூண்டியவர் ஓர் இயேசு சபைப் பாதிரியார். வெளியிட்டது மதுரையில் இயேசு சபையாரின் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். திருச்சபைமேல் போட்ட வழக்கை அச்சடித்துக் கொடுத்ததும் திருச்சபையின் ஒரு கை. பெரிய நிறுவனங்களுக்குள் எப்போதும் இப்படி ஓரிருவர் இருந்துவிடுகிறார்கள். அவர்களை நம்பித்தான் பலர் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. 2000-ல் ‘கருக்கு’ லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்து க்ராஸ்வேர்ட் பரிசு வாங்கியது. பரிசுக்கு முன்னால் சொந்த ஊர்க் கோபம் வந்துவிட்டது. எங்களை அசிங்கப்படுத்திவிட்டாள் என்று சில மாதங்கள் ஊருக்குள்ளேயே விடவில்லை. மடமும் இல்லை, ஊரும் இல்லை. பிறகு படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டி, மெல்ல மெல்லக் கோபம் தணிந்தது.

அவர் கடவுளை விட்டுவிட்டாரா? புத்தகத்தில் அப்படித் தெரியவில்லை. சாமியார்களும் சிஸ்டர்களும் காட்டிய கடவுள் வேறு, நீதிக்காக நிற்கிற இயேசு வேறு என்ற பிரிப்பு அதில் தெளிவாக இருக்கிறது. பேய்க்கும் நரகத்துக்கும் பயந்து முழங்கால் போட்ட பிள்ளை, வளர்ந்து அந்தப் பயத்தைத்தான் விட்டாள். இதைச் சந்தேகம் என்று சொல்வதா, விசுவாசம் என்று சொல்வதா என்று எனக்குப் பிடிபடவில்லை. வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்களைத்தான் சபைகள் வெளியே அனுப்புகின்றன என்பது லவீனாவையும் பாமாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. ஒப்புக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவளை யாரும் நீக்குவதில்லை.

‘கருக்கு’வில் இன்னொரு சம்பவம். கல்லறை நிலத் தகராறில் சாலியருக்கும் பறையருக்கும் சண்டை. போலீஸ் வந்து ஆண்களைப் பிடிக்கிறது, மிச்சமிருந்த ஆண்கள் ஒளிந்துகொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் இறந்துபோகிறான். ஒளிந்திருந்த தகப்பனுக்குச் சேலையைக் கட்டி, ஒப்பாரி வைக்கும் பெண்களுக்கு நடுவில் கூட்டிவந்து மகன் முகத்தைப் பார்க்க வைக்கிறார்கள். பெண்களே தூக்கிக்கொண்டு போய், பெண்களே குழி வெட்டி அடக்கம் செய்கிறார்கள். பூசை மேடையில் ஏறக் கூடாத பெண்கள், கல்லறை வரைக்கும் ஒரு சாவை நடத்தி முடிக்கிறார்கள். போலீஸ் வண்டி நிற்கிற ஊரில் அன்று யாரும் வழக்கத்தைக் காட்டித் தடுக்கவில்லை.

1994-ல் வந்த ‘சங்கதி’ அந்தத் தெருப் பெண்களைப் பற்றியது. அடிக்கிற புருசனை அறுத்துக்கட்டிவிட்டு வர இந்துப் பெண்ணுக்குப் பஞ்சாயத்தில் வழி உண்டு. கோயிலில் மோதிரம் மாற்றிய வேதக்காரப் பெண்ணுக்கு அதுவும் கிடையாது என்ற ஆதங்கம் அதில் வருகிறது. இது மனக்குறை மட்டும் கிடையாது, சட்டமே அப்படித்தான் இருந்தது. 1869-ம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவன், மனைவி நடத்தை தவறினாள் என்று காட்டினால் போதும். மனைவிக்கு அது போதாது. கணவன் நடத்தை தவறியதோடு கொடுமைப்படுத்தியதையோ, கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி உதை மட்டும் என்றால் வழக்கே நிற்காது. 2001-ல்தான் திருத்தினார்கள். வெள்ளைக்காரன் போய் ஐம்பத்து நாலு வருஷம் கழித்து! சட்டம் மாறினாலும் கத்தோலிக்கச் சபை விவாகரத்தை ஏற்பதில்லை. கல்யாணமே செல்லாது என்று சபை நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினால்தான் மறுமணம்.

சபை பக்கம் ஒன்றுமே அசையவில்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்கள் காலையும் கழுவலாம் என்று ரோமாபுரி அனுமதித்தது. அதே வருஷம் டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு கொள்கை ஆவணம் போட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ‘கருக்கு’ வந்து இருபத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. 2022-ல் தலித் ஒருவர், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, முதன்முதலாகக் கர்தினால் ஆனார். பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது என்று 1994-ல் இரண்டாம் ஜான் பால் முடித்துவைத்ததில் மட்டும் மாற்றமில்லை. கத்தோலிக்கம் அல்லாத தென்னிந்தியத் திருச்சபை 2013-லேயே ஆந்திராவின் நந்தியாலில் புஷ்பலலிதாவைப் பெண் பேராயராக்கிவிட்டது.

மடத்தைவிட்டு வந்த பாமா மறுபடி கையில் எடுத்தது சாக்பீஸைத்தான். உத்திரமேரூர் பக்கம் ஓங்கூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே ‘கிசும்புக்காரன்’, ‘வன்மம்’ என்று எழுதினார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதானே மடத்துக்குப் போனார்! அந்த வேலை கடைசியில் மடத்துக்கு வெளியேதான் கிடைத்தது.

தேவதானத்து வாசகி கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: மடத்தைவிட்டு வராமல் உள்ளேயே இருந்து சண்டை போட்ட சிஸ்டர் யாராவது உண்டா? உண்டு. 2018 செப்டம்பரில் கொச்சியில் கேரள உயர் நீதிமன்றம் பக்கத்து வஞ்சி சதுக்கத்தில், ஒரு பிஷப்பைக் கைது செய்யச் சொல்லிக் கன்னியாஸ்திரிகள் உடுப்போடேயே வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)